பூ உதிர்ந்த பின்னும் அழகு: தாமரை, குன்றிமணி, முடக்கத்தான், வலம்புரி – உங்கள் வீட்டுக்கு எது?

அண்மையில் மூன்று பேர் என்னிடம் ஏறத்தாழ ஒரே கேள்வியைக் கேட்டார்கள். பூச்சாடியில் வைக்கக் காய்ந்த காய்கள் வேண்டும். கடையில் கிடைப்பவற்றுக்குச் சாயம் பூசி, மினுமினுப்பு தூவிவிடுகிறார்கள். வீட்டிலேயே வளர்த்தால் பூவையும் பார்க்கலாம், காயையும் எடுக்கலாம். எதை வைப்பது?

ஒருவருக்கு நல்ல வெயில் விழும் மொட்டைமாடி. இன்னொருவர் நான்காவது மாடியில் குடியிருக்கிறார். கிழக்குப் பார்த்த பால்கனி, வீட்டில் நான்கு வயதுக் குழந்தை. மூன்றாமவருக்குத் தென்காசிப் பக்கம் வேலியோடு அரை ஏக்கர் நிலம். கேள்வி ஒன்றாக இருந்தாலும் மூவருக்கும் ஒரே செடியைச் சொன்னால் இரண்டு பேரை ஏமாற்றியதாகிவிடும்.

நம் மண்ணில் நன்றாக வரக்கூடிய, காய்ந்த பிறகும் வடிவம் குலையாத நான்கை எடுத்துக்கொண்டேன். சரக்கொன்றையின் கரிய நீளக் காய்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அது மரம், தொட்டிக்கு அடங்காது. செங்காந்தள் நம் மாநில மலர், அதன் பூவுக்கு ஈடு சொல்ல முடியாது. ஆனால் அதை வளர்ப்பது பூவுக்காக. சாடியில் வைக்க அதன் காய் ஏற்றதல்ல, கிழங்கும் விதையும் நஞ்சு வேறு. இரண்டையும் விட்டுவிட்டேன்.

## முதலில் எதை அளப்பது

விதை வாங்கும் முன் வெயிலை அளந்துவிடுங்கள். ஒரு விடுமுறை நாளில் காலை ஏழு மணி முதல் மாலை ஐந்து மணிவரை, வைக்கப்போகும் இடத்தில் நேரடி வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்று குறித்து வையுங்கள். "வெளிச்சம் நன்றாக வரும்" என்று சொல்பவர்களின் வீட்டில் பல முறை இரண்டு மணி நேர வெயில்தான் இருக்கிறது.

அடுத்து, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது. தவழும் குழந்தை, எதையும் வாயில் வைக்கும் வயது, நாய்க்குட்டி என்றால் ஒரு செடி பட்டியலிலிருந்தே போய்விடும்.

மூன்றாவது, காயை என்ன செய்யப்போகிறீர்கள் என்பது. ஒரு பருவத்துக்கு வாசலில் வளையமாகத் தொங்கினால் போதுமா, அல்லது பல ஆண்டுகள் சாடியில் நிற்க வேண்டுமா? இதைத் தீர்மானிக்காமல் செடியைத் தேர்ந்தெடுப்பவர்கள்தான் பிறகு வருந்துகிறார்கள்.

பொறுமை, தண்ணீர், பாரம் ஆகிய மூன்றும் மறைமுகச் செலவுகள். ஒவ்வொரு செடியிலும் அவை எங்கே ஒளிந்திருக்கின்றன என்று கீழே சொல்கிறேன்.

| | தாமரை | குன்றிமணி | முடக்கத்தான் | வலம்புரி |
|---|---|---|---|---|
| வெயில் | 5–6 மணி நேரமாவது | 4–5 மணி நேரம் | 3–4 மணி நேரத்திலும் ஓரளவு வரும் | நல்ல வெயில் |
| இடம் | ஓட்டையில்லாத அகன்ற தொட்டி | வேலி, பந்தல் | பை, சின்னத் தொட்டி, கயிறு | நிலம் |
| காய்க்கான காத்திருப்பு | கிழங்கு வைத்தால் அதே பருவம் | பெரும்பாலும் இரண்டாம் ஆண்டு | இரண்டு, மூன்று மாதம் | சில ஆண்டுகள் |
| பூ | நான்கிலும் முதலிடம் | சிறியது, வெளிர் ஊதா | மிகச் சிறியது, வெள்ளை | செங்கல் சிவப்பு, பிறகு சாம்பல் நீலம் |
| காய்ந்த காய் | ஆண்டுக்கணக்கில் நிற்கும் | விதை நிறம் மாறாது | ஒரு பருவம் | மிக உறுதி |
| கவனம் | கொசு, பாரம் | கொடிய நஞ்சு | தானே முளைத்துப் பரவும் | முளைப்பு சீராக இராது |

## தாமரை

தாமரையின் காய் என்று நாம் சொல்வது, பூவின் நடுவில் மஞ்சளாக, ஷவர் தலையைப்போல் தட்டையாக இருக்கும் அந்தப் பகுதி முற்றியதுதான். தமிழில் அதற்குப் பொகுட்டு என்று அழகான சொல் இருக்கிறது. இதழ்கள் நான்காம் நாள் உதிர்ந்ததும் பொகுட்டு பச்சையாகி, பருத்து, ஒவ்வொரு குழியிலும் ஒரு விதையைத் தாங்கி நிற்கும். முற்றி முடிய ஒரு மாதத்துக்கு மேலாகும்.

முதலில் ஒன்றை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்: நீங்கள் வாங்கும் வகை பொகுட்டு வைக்குமா? அடுக்கு இதழ் வகைகளில் நடுவிலுள்ள உறுப்புகளே இதழ்களாக மாறிவிடுவதால் பொகுட்டு சிறுத்திருக்கும். ஆயிரம் இதழ் என்று விற்கும் வகையில் அது இருக்கவே இருக்காது. ஒரு நாற்றுப்பண்ணையில் கொழுத்த அடுக்குத் தாமரைக் கிழங்கைக் காட்டி "காயும் பெரிதாக வரும்" என்றார்கள். நம்பி வாங்கினேன். இரண்டு பருவம் பூத்துக் குலுங்கியது. சாடியில் வைக்க ஒரு பொகுட்டுகூடத் தேறவில்லை. காய் வேண்டும் என்றால் ஒற்றை அடுக்கு நாட்டுத் தாமரையைக் கேட்டு வாங்குங்கள். பூ எளிமையாக இருக்கும், பொகுட்டு உள்ளங்கை அகலம் வரும்.

கிழங்கா, விதையா என்று அடுத்த கேள்வி எழும். விதையின் உறுதி வியப்பானது. 1951-இல் ஜப்பானின் சிபா பகுதியில் தாவரவியலாளர் இச்சிரோ ஓகா மண்ணுக்கடியிலிருந்து எடுத்த, ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமையானது என்று கணித்த விதை முளைத்து, மறு ஆண்டு பூத்தது. சீனாவின் வடகிழக்கில் வறண்ட ஏரிப்படுகையிலிருந்து எடுத்த சுமார் 1,300 ஆண்டு விதையும் முளைத்திருக்கிறது. அப்படிக் காக்கும் ஓடுதான் நமக்குத் தடை. உப்புத்தாளில் உரசி, ஓடு தேய்ந்து உள்ளே வெளிர்நிறம் எட்டிப்பார்த்ததும் நிறுத்தித் தண்ணீரில் போட்டால், ஒரு வாரத்துக்குள் பச்சை முளை நீளும். பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் விதைச்செடி பூக்க ஓராண்டுக்கு மேலாகலாம். தாயைப் போலவே பூக்கும் என்ற உறுதியும் இல்லை. ஆகவே குழந்தைகளுக்குக் காட்ட விதை, காய்க்குக் கிழங்கு. மாசி, பங்குனியில் கிழங்கை வையுங்கள். நுனிக்குருத்து ஒடிந்தால் அந்தக் கிழங்கு வீணாகிவிடக்கூடும், எனவே கையில் எடுக்கும்போதே கவனம் வேண்டும்.

தொட்டி இரண்டடி அகலம் இருக்கட்டும், அடியில் ஓட்டை கூடாது. தேங்காய்நார்க் கழிவு கலந்த தொட்டிமண் மிதந்துவிடும். களிமண்ணோ ஏரி வண்டலோ அரையடி போட்டு, அதன்மேல் அரையடி தண்ணீர் விடுங்கள். இந்தத் தொட்டி நிரம்பியதும் நூறு கிலோவுக்கு மேல் நிற்கும். மொட்டைமாடியில் வைக்கும்போது தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே சுவரோ உத்தரமோ ஓடும் இடத்தில் வையுங்கள். பழைய கட்டடம் என்றால் பொறியாளர் ஒருவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவதே நல்லது. சித்திரை வெயிலில் நாள்தோறும் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும். தண்ணீர் லாரியை நம்பியிருக்கும் வீடுகள் இதை யோசிக்க வேண்டும். தேங்கிய நீரில் கொசு முட்டையிடும், எனவே நான்கைந்து கப்பி மீன்களை விடுங்கள். மீன் இல்லாத தாமரைத் தொட்டியை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

பலரும் எண்ணிப் பார்க்காத இழப்பு ஒன்று உண்டு. பூவைப் பறித்தால் பொகுட்டு இல்லை. வெள்ளிக்கிழமை பூசைக்கு ஒரு தாமரை பறித்தால் அந்தப் பருவத்தின் ஒரு காய் போய்விட்டது. தொட்டிச் செடியில் பூக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், ஆகவே இது சின்ன விஷயமல்ல. பூசைக்கு வாங்கிக்கொள்ளுங்கள், வீட்டுப் பூவைச் செடியிலேயே விடுங்கள் என்பேன்.

விதை பிடிக்காத பொகுட்டு சூம்பிவிடும். முதல் நாள் காலையில் பூ பாதி விரியும்போது சூல்முடி மகரந்தத்தை ஏற்கத் தயாராக இருக்கும். அதே பூவின் மகரந்தம் உதிர்வது இரண்டாம் நாள். குளக்கரையில் தேனீயும் வண்டும் பார்த்துக்கொள்ளும். மாடியில் ஒரே நேரத்தில் இரண்டு பூ இருந்தால், நேற்றுத் திறந்ததிலிருந்து இன்று திறந்ததற்கு மெல்லிய தூரிகையால் மகரந்தத்தைக் கொண்டுபோய்த் தடவுங்கள்.

எப்போது அறுப்பது? நான் முதலில் அறுத்தது பச்சையாக இருந்தபோது. உள்ளே வெறும் பஞ்சு. மூன்றே நாளில் சுருங்கி, உலர்ந்த அத்திப்பழம்போல் ஆகிவிட்டது. இப்போது குழிகளைத்தான் பார்க்கிறேன். விதையைச் சுற்றி இறுக்கமாக இருந்த குழி வாய் விட்டுக்கொடுக்கும். விரல் நுனியால் தள்ளினால் விதை உள்ளே ஆடும். பொகுட்டின் விளிம்பில் பழுப்பு ஓடத் தொடங்கியிருக்கும். அன்றைக்கே அறுத்துவிட வேண்டும்; இன்னும் சில நாள் விட்டால் கழுத்து மடிந்து தலை கவிழ்ந்து, விதைகள் தண்ணீரில் விழுந்துவிடும். தண்டு மேலும் தலை கீழுமாக நிழலில் கட்டித் தொங்கவிடுங்கள். பத்து நாளில் காபிப்பொடி நிறத்துக்கு வந்து, ஆட்டினால் கிலுகிலுப்பைபோல் ஒலிக்கும். காய்ந்த தண்டு நொறுங்கும் என்பதால், சாடியில் வைக்கும் முன் அதன் உள்ளே மெல்லிய மூங்கில் குச்சி ஒன்றைச் செருகிவிடுங்கள்.

விதைகளை எடுத்துக் கோத்தால் தாமரைமணி மாலை. கடையில் தாமரை விதை என்று பெயரிட்டு விற்கும் பொரி, அதாவது மக்கானா, பெரும்பாலும் தாமரையிலிருந்து வருவதல்ல. பீகாரில் அதிகம் விளையும் முள் நிறைந்த வேறொரு நீர்த்தாவரத்தின் விதை. அதைத் தொட்டியில் போட்டுக் காத்திருக்காதீர்கள்.

சிலருக்குப் பொகுட்டின் துளைகளைப் பார்த்தாலே உடல் கூசும். வீட்டில் அப்படி யாராவது உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

## குன்றிமணி

பிள்ளையார் சதுர்த்தியன்று களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கும் அதே மணி. பொற்கொல்லர் தராசில் எடைக்கல்லாக இருந்ததும் இதுதான்; "குண்டுமணித் தங்கம்கூட இல்லை" என்ற பேச்சு அங்கிருந்து வந்தது. கொடி வேலியில் சுற்றிப் படரும். இலை புளிய இலையைப்போல் அடுக்கடுக்காக இருக்கும். பூ சுமார்தான். ஆனால் காய்க்கொத்து முற்றி வெடிக்கும்போது, தோல் பின்னோக்கிச் சுருண்டு, கறுப்புப் பொட்டு வைத்த சிவப்பு மணிகள் உள்ளே ஒட்டியபடியே பளபளத்து நிற்கும். அந்தக் கொத்தை அப்படியே வெட்டிச் சாடியில் வைத்தால் வேறெந்த அலங்காரமும் தேவைப்படாது. நான்கு காய்களில் நிறத்தில் இதை அடித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

வளர்ப்பதும் எளிது. கொதிக்க வைத்து இறக்கிய நீரில் ஓர் இரவு ஊறவைத்து விதைத்தால் போதும். பிடித்துவிட்டால் வறட்சியைத் தாங்கும்.

ஆனால் இது நஞ்சு, அதுவும் சாதாரண நஞ்சல்ல. விதையிலுள்ள அப்ரின் என்ற புரதம், உடைந்த அல்லது மென்ற ஒரே விதையிலிருந்தும் குழந்தையின் உயிருக்கு ஆபத்தை உண்டாக்கக்கூடும். முழுதாக விழுங்கிய விதை, தோலின் கெட்டித்தன்மையால் அப்படியே வெளியேறிவிடுவதும் உண்டு. அதை நம்பி வீட்டில் காத்திருக்கக் கூடாது. அறிகுறிகள் மணிக்கணக்கில் தாமதித்து வரலாம், அப்ரினுக்கென்று மாற்று மருந்தும் இல்லை. விழுங்கிவிட்டார்கள் என்ற ஐயம் வந்த உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், விதை ஒன்றையும் கையோடு கொண்டுபோக வேண்டும். 2011-இல் இங்கிலாந்தில் ஈடன் ப்ராஜெக்ட் தன் கடையில் விற்ற கைவளையங்கள் இந்த மணிகளால் ஆனவை என்று தெரிந்ததும் அவற்றைத் திரும்பப் பெற்றது. துளையிட்ட மணி, துளையிடாத மணியைவிட ஆபத்தானது. காக்கும் தோல் அங்கே உடைந்துவிட்டது. எனவே மாலை கோப்பது, வளையல் செய்வது, குழந்தைகளின் பல்லாங்குழிக்குக் கொடுப்பது எதுவும் வேண்டாம்.

காய்ந்த கொத்திலிருந்து மணிகள் ஒவ்வொன்றாக உதிரும், சோபாவின் அடியில் உருண்டு கிடக்கும். இந்தச் செடியின் மறைமுகச் செலவு இதுதான். குழந்தைகள் வரக்கூடிய வீட்டுக்குள் கொத்து இருக்கக் கூடாது. பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில், தோட்டத்தின் பின்வேலியில், கண்ணாடிக் குடுவைக்குள் மூடிவைப்பதற்காக என்றால் வளர்க்கலாம். மற்றவர்களுக்கு என் பதில் உறுதியான 'வேண்டாம்'.

## முடக்கத்தான்

இதைக் கீரை என்றே பார்த்துப் பழகியவர்களுக்கு அலங்காரச் செடி என்று சொன்னால் வியப்பாக இருக்கும். மூன்று விளிம்புகளோடு காற்றடைத்த பச்சைக் காய். உள்ளே மூன்று அறை. அறைக்கு ஒரு கறுப்பு விதை. விதையில் வெள்ளையாக இதய வடிவக் குறி ஒன்று, அச்சுக் குத்தியதுபோல் இருக்கும். தாவரவியல் பெயரிலும் இதயத்தையும் விதையையும் குறிக்கும் கிரேக்கச் சொற்களே இருக்கின்றன. ஒரு காயைப் பிரித்து அந்த விதையைக் குழந்தையின் உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். அன்று முழுக்கக் கொடியருகிலேயே நிற்கும்.

விதையை ஓர் இரவு ஊறவைத்து, ஒரு பையில் மூன்று நட்டு, மேலே கயிறு கட்டிவிட்டால் வேலை முடிந்தது. இரண்டு மாதத்துக்குள் பூ, அதன்பின் காய். முதல் ஆண்டு வெறுங்கையோடு இருக்க வேண்டாம் என்பவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பூ இருப்பதே தெரியாது. பூவுக்காக ஆசைப்படுபவர்கள் ஏமாறுவார்கள். காய்ந்த காய் காகிதம்போல் மெல்லியது, அழுத்திப் பிடித்தால் நொறுங்கும், ஒரு பருவத்துக்கு மேல் தாங்காது. தோசைக்கு நுனிக்கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் காய் குறையும், எனவே இரண்டு கொடி வையுங்கள்: ஒன்று அடுப்புக்கு, ஒன்று அலங்காரத்துக்கு. உதிர்ந்த விதைகள் அடுத்த மழைக்குப் பக்கத்துத் தொட்டிகளிலெல்லாம் முளைக்கும். சின்னதாக இருக்கும்போதே பிடுங்கிவிடுங்கள்.

தனித்தனியாகக் காய் பறிப்பதைவிட இப்படிச் செய்யலாம். காய்கள் முழுதாக ஊதி, பச்சை வெளிறத் தொடங்கும்போது கொடியையே இரண்டு முழ நீளத்துக்கு வெட்டுங்கள். இலைகளை உருவிவிட்டு, ஈரம் இருக்கும்போதே ஒரு வளையத்தில் சுற்றி நிழலில் தொங்கவிடுங்கள். காய்ந்ததும் வைக்கோல் நிறத்தில் சின்னச் சின்ன விளக்குகள் தொங்கும் வளையம் கிடைக்கும். காய்ந்தபின் சுற்றினால் கொடி முறியும்.

## வலம்புரி

சங்கு அல்ல, செடி. நாட்டு மருந்துக்கடையில் வலம்புரிக்காய் என்று கேட்டால், கயிறுபோல் முறுக்கிய பழுப்புக் காயை எடுத்துத் தருவார்கள். பூவின் ஐந்து சூலறைகளும் ஒன்றையொன்று சுற்றி வளர்வதால் வரும் முறுக்கு அது. காய்ந்தாலும் சுருங்காது, உடையாது. இந்த நான்கில் கைபட்டுக் கெடாத காய் இது ஒன்றுதான்.

காய் வாங்கவே மலிவாகக் கிடைக்கும்போது ஏன் வளர்க்க வேண்டும்? பூவுக்காக, தேன்சிட்டுக்காக. செங்கல் சிவப்பில் திறக்கும் பூ, நாள் ஆக ஆகச் சாம்பல் நீலத்துக்கு மாறும். ஒரே கிளையில் இரண்டு நிறமும் இருக்கும். தேன்சிட்டுகள் தேடி வரும். வறண்ட காட்டோரங்களில் தானாக வளரும் புதர் என்பதால் வேலியோரத்தில் அதிக கவனிப்பு கேட்காது. ஆனால் ஆளுயரத்துக்கு மேல் வளரும், தொட்டியில் மனம் வைக்காது. விதை முளைப்பது சீராக இராது, காய்க்குச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். நாற்று கிடைத்தால் நாற்றாகவே வாங்குங்கள். காப்புக்காட்டுக்குள் போய்க் காயோ செடியோ எடுக்காதீர்கள். அனுமதியின்றி எடுப்பது குற்றம்.

## யாருக்கு எது

ஐந்து மணி நேரத்துக்கு மேல் வெயில், தண்ணீர்த் தட்டுப்பாடு இல்லை, தளம் உறுதி என்றால் தாமரை. எனக்கு இருக்கும் ஆசையைக் கேட்டால் எப்போதும் அதுதான் முதலில் வரும். பூ, காய் இரண்டிலும் நிறைவு தருவது அது ஒன்றே. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் தாமரையைத் தொடாதீர்கள். வெயில் குறைந்த தொட்டியில் இலை மட்டும் வரும், தண்ணீர் ஊற்றும் வேலை மட்டும் மிஞ்சும். அப்படிப்பட்டவர்கள் பொகுட்டை வாங்கிக்கொள்ளலாம். குமரி மாவட்டத்தில் குளங்களில் தாமரை பயிரிடுகிறார்கள். உங்கள் ஊர்ப் பூக்கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால், முற்றிய பொகுட்டு கிடைக்குமா என்று விசாரித்துச் சொல்வார். சாயம் பூசாதது வேண்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள்.

மொட்டைமாடிக்காரரை ஒற்றை அடுக்குத் தாமரைக் கிழங்கு ஒன்றோடு தொடங்கச் சொன்னேன். இரண்டு தொட்டி வைக்கும் எண்ணத்தை முதல் கோடை முடியும்வரை தள்ளிப்போடச் சொன்னேன்.

தென்காசிக்காரருக்கு வேலியோரம் மூன்று வலம்புரி நாற்று. அது வளரும்வரை அதே வேலியில் முடக்கத்தான். குன்றிமணியும் கேட்டார். தோட்டத்தில் வேலைக்கு வருபவர்கள் பிள்ளைகளையும் அழைத்துவருவார்கள் என்று பேச்சுவாக்கில் சொன்னார். அதனால் வேண்டாம் என்றேன், ஒத்துக்கொண்டார்.

பால்கனி வீட்டில் வெயிலை அளந்து பார்த்தார்கள்: காலையில் மூன்றரை மணி நேரம். அங்கே முடக்கத்தான்தான். ஆடி மாதம் இரண்டு பைகளில் விதைத்திருக்கிறார்கள். ஒரு பையில் பெயர்ப்பலகை குத்தியிருக்கிறது. அந்தக் கொடியில் தோசைக்குக் கிள்ளக் கூடாது என்று பாட்டியிடம் குழந்தை சொல்லிவைத்திருக்கிறதாம்.